ரிப் வைக்காத பனியன்

என் அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆயிரம் உருப்படி வெட்டினாலும் ஒரு நூல் பிசகாது என்று பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் என் தம்பிக்கு மட்டும் கழுத்தில் ரிப் வைக்காமல் பனியன் தைத்தார். ரிப் என்பது இழுத்தால் விரிந்துகொடுக்கும் பட்டை. அது இருந்தால்தான் பனியன் தலை வழியாகச் சுலபமாக இறங்கும். அப்பாவோ மாதாமாதம் தம்பியின் தலையை டேப்பால் அளந்து, துளியும் விரியாத நாடாவை வைத்து மூன்று பனியன் அடித்துக் கொடுப்பார். எட்டு வயதில் எனக்கே தெரிந்த விஷயம் மாஸ்டருக்குத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

தம்பி பிறந்த மூன்றாம் மாதம் அவன் தலை பெருக்க ஆரம்பித்தது. மூளையில் நீர் கோத்துக்கொள்கிறது என்றார்கள். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில், தலையிலிருந்து வயிறு வரைக்கும் தோலுக்கு அடியில் மெல்லிய டியூப் வைத்து, அந்த நீரை வயிற்றுக்கு இறக்கிவிட்டார்கள். காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு மேடு மட்டும் தெரியும். இனி சரியாகிவிடுவான் என்று எனக்குச் சொன்னார்கள். டியூப் அடைத்துக்கொள்ளலாம், அடைத்தால் தலை மறுபடியும் பெருக்கும், உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையை எதற்குப் பயமுறுத்துவது என்று விட்டுவிட்டார்கள்.

அம்மாவுக்கு வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. பகலில் தம்பி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருப்பான். பள்ளி விட்டு வந்ததும் அவனை வாங்கிவந்து, உடம்பு துடைத்து, பனியன் மாட்டுவது என் பொறுப்பு. அம்மா வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்பாள்.

“பனியன் நல்லா நொழஞ்சுச்சா கண்ணு?”

“நொழஞ்சுச்சுங்கம்மா.”

என் கெட்டிக்காரத்தனத்தைத்தான் விசாரிக்கிறாள் என்று எனக்குப் பெருமை தாங்காது.

ஒரு வாரம் ஷிப்மெண்ட் அவசரம். அப்பா, அம்மா இருவருக்கும் ஓவர்டைம். தம்பி விழிக்கும் முன்பே போய், அவன் தூங்கிய பிறகுதான் வந்தார்கள். அந்தத் திங்கட்கிழமை பனியன் அவன் நெற்றியிலேயே நின்றுவிட்டது. இழுத்தேன், வீல் என்று கத்தினான். நுழையவில்லை என்று சொன்னால் என் மானம் போய்விடும். பிசிறு நூல் வெட்ட அம்மா வைத்திருந்த டிரிம்மரை எடுத்து, பின்கழுத்தில் நாடாவையும் சேர்த்து ஒரு விரல் நீளம் வெட்டினேன். பனியன் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அப்புறம் மற்ற இரண்டையும் வெட்டினேன். அவன் பாலைக் கக்கினான், துடைத்தேன். பிறகு அழுவதையே விட்டுவிட்டு எந்நேரமும் தூங்கினான். பிள்ளை சமர்த்தாகிவிட்டான் என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. அம்மா தினமும் கேட்டாள், நானும் நுழைந்தது என்றே சொன்னேன். பொய் இல்லையே, நுழைந்ததுதானே.

சனிக்கிழமை காலையில் அவனை எழுப்ப முடியவில்லை. கருவிழிகள் கீழே இறங்கிக் கிடந்தன. ஆஸ்பத்திரியில் டியூப்பை மாற்றி உயிரைக் காப்பாற்றினார்கள். பார்வை திரும்பவில்லை.

வராந்தாவில் அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“கடைசி நாள் வரைக்கும் பனியன் நொழஞ்சுதுங்களே! அதை நம்பித்தானுங்க நான் வேலைக்குப் போனேன்!”

அப்பாவின் கையில் தம்பியிடமிருந்து கழற்றிய பனியன் இருந்தது. அவர் கட்டைவிரல் கழுத்து நாடாவைத் தடவிக்கொண்டே போய், வெட்டின இடத்தில் நின்றது. என்னை ஒரு தடவை பார்த்தார். பனியனைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

“நாந்தான் கழுத்தைப் பெருசா வெட்டிப்போட்டேன்.”

வீட்டிலிருந்த மற்ற இரண்டும் அப்புறம் யார் கண்ணிலும் படவில்லை. அம்மா வருடக்கணக்கில் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் அம்மா பக்கமே இருந்தேன். தம்பி வளர்ந்துவிட்டான். சட்டையின் கழுத்தைத் தடவிப் பார்த்துத்தான் முன்பக்கம் எது என்று கண்டுபிடிப்பான். அதைப் பார்க்கும் ஒவ்வொரு காலையும் எனக்குச் செத்துப்போகலாம் போலிருக்கும்.

ஆனால் அன்று வராந்தாவில் எனக்குப் பெரிய நிம்மதி. அப்பாவே தப்பை ஒத்துக்கொண்டுவிட்டார். அவர் பெரிதாக வெட்டியிருந்தால் நான் எதற்காக டிரிம்மரை எடுத்தேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கட்டிங் மாஸ்டருக்குக் கூட அளவு தப்பும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் மடியிலேயே தலை வைத்துத் தூங்கிவிட்டேன்.