பெருத்துப்போன அணு

வேதியியல் துறையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், பத்தொன்பது வருடமாக எக்ஸ்ரே கருவியை ஓட்டிக்கொண்டிருந்தவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றே கூப்பிட்டார்கள். மேல்மாடிக்காரர்கள் மருந்துக்காகப் புதுப்புதுச் சேர்மங்கள் செய்வார்கள். செய்ய நினைத்தது வந்திருக்கிறதா, வேறு ஏதாவதா என்று சொல்வது அவள் வேலை. உப்புக்கல்லைவிடச் சின்னதாக ஒரு படிகத்தை ஊசிமுனையில் எடுத்து, எண்ணெயில் தோய்த்து, கருவியில் பொருத்திக் கதிரைப் பாய்ச்சுவாள். சிதறி விழும் புள்ளிகளை வைத்து எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். அதை வைத்து அவர்கள் எழுதும் கட்டுரைகளின் கடைசியில் அவளுக்கு ஒரு வரி நன்றி இருக்கும். பல சமயம் அதுவும் இருக்காது.

ஒருநாள் துறைத்தலைவரே ஒரு சின்னக் குப்பியோடு இறங்கி வந்தார். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அறையை நிறைத்தது. உள்ளே இருந்த சேர்மம், ஐந்து அணுக்கள் கைகோத்த வளையம். அதில் ஒரு கந்தகம், இரண்டு நைட்ரஜன், மீதி கார்பன். இரண்டு நைட்ரஜனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்று சொல்லி, வெளியூர் மாநாட்டில் கைதட்டலும் வாங்கிவிட்டு வந்திருந்தார்.

மறுநாள் மாலை திரையில் படம் தெளிந்தது. நைட்ரஜன்கள் பக்கத்தில் இல்லை. நடுவில் ஒரு கார்பன் உட்கார்ந்திருந்தது. அவள் வேறு இரண்டு படிகங்களையும் வைத்துப் பார்த்தாள். அதேதான்.

தலைவர் படத்தை நீண்ட நேரம் பார்த்தார். கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு குழைவாகச் சொன்னார்.

"ஒரே ஒரு அணு. அத இப்படி நகர்த்திக் காட்டுங்க, போதும். உங்க பேர ரெண்டாவதா போடுறேன்."

அவர் போன பிறகு அவள் வீட்டுக்குக் கிளம்பவில்லை. அறைக்கதவில் பெயர்ப் பலகை, பெயர் போட்ட கட்டுரை, அதைத் தங்கையிடம் காட்டுவது எல்லாம் மனதில் ஓடிற்று. சும்மா பார்க்கலாமே என்று கார்பனுக்கு நைட்ரஜன் என்றும் பக்கத்து நைட்ரஜனுக்குக் கார்பன் என்றும் பெயர் மாற்றினாள். கணினி கணக்கிட்டது; பெயர் பொய்யென்றால் அது காட்டிக்கொடுத்துவிடும். பொய்ப்பெயர் சூட்டப்பட்ட அணு திரையில் சீழ்க்கட்டியைப் போல உப்பிக்கொண்டு நின்றது; பக்கத்து அணு சூம்பிப்போயிற்று. தன் விரல்களைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அழித்துவிட்டு, முடியாது என்று இரண்டு வரியில் எழுதி அனுப்பினாள்.

நான்கு மாதம் கழித்துக் கட்டுரை வெளிவந்தது. யாரை வைத்தோ அணுவை நகர்த்தியிருந்தார்கள். உப்பலைத் தேய்த்துச் சமன்செய்தும் இருந்தார்கள். இரண்டாவதாக அவள் பெயர், எழுத்துப்பிழை கூட இல்லாமல்.

அன்று வீட்டில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். தபால் பிரிக்கும் வேலையிலிருந்து வந்த கணவன் விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, பேர் வந்ததில் என்ன கெட்டுப்போயிற்று என்றான்.

"எச்சில் துப்பின கையால என் முகத்தத் தடவி விட்ட மாதிரி இருக்குங்க," என்றாள் அவள்.

அவன் மறுநாள் லீவு போடச் சொன்னான். அவள் போடவில்லை. மூன்று படிகங்களின் அளவுகளையும் இணைத்து, தன் பெயரை எடுத்துவிடுமாறு கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு எழுதினாள். விசாரணை ஏழு மாதம் ஜவ்வாக இழுத்தது. கடைசியில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். கணக்கிடுவதில் நேர்ந்த தவறு என்று காரணம் எழுதியிருந்தது. தவறு செய்தது யார் என்று எங்கும் இல்லை. தலைவர் தலைவராகவே இருந்தார். எழுத்து மூலமாகப் பாராட்டுகூட வாங்கினார், தவறை ஒப்புக்கொண்ட நேர்மைக்காக.

இதையெல்லாம்விட அவளுக்கு ஆறாதது ஒன்று. குப்பிக்குள் உண்மையில் இருந்த சேர்மம் அதுவரை யாரும் செய்யாதது. நகர்த்தாமல் விட்டிருந்தாலே புதுசுதான். கைதட்டல் வாங்கிய படத்தின் மேலிருந்த ஆசையில் கைக்கு வந்ததை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உலகத்துப் படிக அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் தரவகத்துக்கு, செய்தவர்கள் இன்னார் என்று மேல்மாடி ஆராய்ச்சி மாணவர்களின் பெயரையும் போட்டு, அந்த அமைப்பை அவளே அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள். அவர்களில் அவள் கூப்பிட்டுச் சொல்ல நினைத்த மாணவி ஏற்கெனவே வேறு வேலைக்குப் போயிருந்தாள்.

தலைவர் இப்போதும் வராந்தாவில் எதிர்ப்பட்டால் சிரித்து நலம் விசாரிப்பார். அவள் பதில் சொல்லுவாள். பிறகு குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொள்வாள்.