வலது முன்னங்கால்

குதிரைகளின் காலை ஸ்கான் செய்து பார்க்கும் மிருக வைத்தியர் நான் என்றால், எங்கள் சனம் முதலில் சிரிக்கும். வயிற்றுப் பிள்ளைக்குத்தானே ஸ்கான், காலில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கும். கால் போனால் குதிரையே போச்சு என்று நான் விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் கதை என் கணவர் பக்கம் திரும்பிவிடும். அவர் எப்படி, இப்ப நடக்கிறாரா?

நடக்கிறார். மார்கழியில் வாசல் படியில் ஐஸ் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டவர், பங்குனியில் தெருமுனை பஸ் தரிப்பிடம் வரை போய்வரத் தொடங்கியிருந்தார். இடையில் பனி அள்ளியது, மகளைக் கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், விட்டு எடுத்தது, அவரைக் குளிக்க வார்த்தது, உழைத்தது எல்லாம் நான். என்னை ஒருவரும் எப்படி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கென்ன, நல்லாய் இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்தப் பங்குனியில் ஒரு பின்னேரம், சென்ட்-ஆன் ஊரைத் தாண்டி, பாலத்துக்கு அப்பால் ஒரு லாயத்துக்குப் போனேன். குதிரைக்குச் சொந்தக்காரி ஓய்வுபெற்ற தாதி, எழுபதைத் தாண்டியவர். போன கோடையில் அவருடைய பெண்குதிரைக்கு இடது முன்னங்காலில் தசைநாண் கிழிந்தது. முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக இறங்கும் நாண் அது. அன்று தொட்டு அவர் சவாரி செய்யவில்லை. கயிற்றில் பிடித்து நடத்தி மட்டும் வந்தார். இந்த வருடம் ஏறாவிட்டால் அடுத்த வருடம் தன் இடுப்பு ஏறவிடாது என்று போனிலேயே சொல்லியிருந்தார். ஏறலாம் என்று என் வாயால் கேட்கத்தான் காத்திருந்தார்.

குதிரையின் காலடியில் முழங்காலில் நிற்கக் கூடாது, உதைத்தால் விலக முடியாது. குந்தித்தான் இருக்க வேண்டும். மயிரை வழித்து, ஜாக்கெட்டுக்குள் சூடாக வைத்திருந்த ஜெல்லைப் பூசி, கருவியை மேலிருந்து மெல்ல இறக்கினேன். முன்பு கறுப்பாக ஓட்டை தெரிந்த இடத்தில் இப்போது வெள்ளை நார்கள், வாரிவிட்ட தலை போல. அந்த அம்மா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். ஆறிவிட்டது என்றேன். குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதார்.

அதோடு எழும்பியிருக்கலாம். என் முதுகு அதைத்தான் கெஞ்சியது. ஆனால் மற்றக் காலையும் பார்ப்பது எங்கள் வழக்கம். நல்ல காலோடு ஒப்பிட்டால்தான் பழுதான கால் எவ்வளவு தேறியது என்று தெரியும். அலுத்துக்கொண்டே வலது பக்கம் போய்க் குந்தினேன்.

நாணின் நடுவில் கறுப்பு. கருவியைத் திருப்பிப் பார்த்தேன், ஜெல்லை மறுபடி பூசிப் பார்த்தேன். அது போகவில்லை. வெளியே வீக்கமில்லை, நொண்டலும் இல்லை. எனக்கு அந்தக் குதிரை மேல் கோபமே வந்தது. ஒருநாளாவது நொண்டிக் காட்டியிருக்கக் கூடாதா?

இந்த வருடம் ஏற முடியாது என்றேன். அவருக்குக் கன்னம் இன்னும் காயவில்லை. அது நல்ல கால் அல்லவா என்று கேட்டார். இத்தனை மாதமும் நொந்த காலின் பாரத்தையும் சேர்த்து இதுதான் தாங்கியது என்றேன். அவர் குனிந்து வலது காலைத் தடவினார்.

"ஒவ்வொரு நாளும் இடது காலைத்தான் தொட்டுப் பார்த்தேன்," என்றார். "இதை ஒருநாளும் தொடவேயில்லை."

பியர்பொன்ட்ஸில் எங்கள் வீடு வரை வாகன நெரிசலில் அந்தச் சொல் என்னோடே வந்தது. கணவர் கைத்தடி இல்லாமல் வந்து கதவைத் திறந்தார். முகம் முழுக்கச் சந்தோசம். நான் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் படியில் இருந்துவிட்டேன்.

"எனக்கு ஏலாமல் கிடக்கப்பா," என்றேன்.

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"எப்ப இருந்து?"

"நீங்கள் விழுந்த நாளிலையிருந்து."