பிஞ்சு என்று நினைத்த கிழங்கு

முளைவிட்ட உருளைக்கிழங்கைக் கண்டால் இன்றும் உடனே தூக்கி எறிந்துவிடுவேன். எடமலைப்பட்டி புதூரில் அண்ணன் வீட்டில் நான் இருந்த காலம். கூடையில் முளைவிட்டுக் கிடந்த நான்கு கிழங்குகளை, முளைக்கு ஒரு துண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தில் சாம்பல் தடவி, மாடியில் அரிசிச் சாக்கில் மண் நிரப்பி நட்டேன். திருச்சி வெயிலில் உருளை வருமா என்று அண்ணன் கேலி செய்தான். கார்த்திகையில் நட்டது, தை முடிவதற்குள் பத்துப் பதினைந்து கிழங்கு கொடுத்தது. செடி வளர வளர மண் அணைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. மண்ணுக்கு மேலே தலைகாட்டிய கிழங்குகள் வெயில் பட்டுப் பச்சையாகியிருந்தன. பச்சையாக இருந்தால் பிஞ்சு. வெண்டைக்கும் அவரைக்கும் அப்படித்தானே. என் அறிவு அவ்வளவுதான்.

அப்போது அண்ணிக்கு மூன்றாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. அந்தப் பச்சைக் கிழங்குகளையே பொறுக்கி, தோலோடு வறுத்து, அவருக்கு மட்டும் வைத்தேன்.

"கொஞ்சம் கசக்குதே" என்றார்.

"மசக்கை வாய்க்கு எல்லாம் கசக்கத்தான் செய்யும். சாப்பிடுங்க அண்ணி" என்று இன்னும் ஒரு கரண்டி போட்டேன்.

மூன்று மணிக்கு வாந்தி தொடங்கியது. வழக்கமான வாந்தியில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். மனதில் ஏதோ உறுத்த, போனில் தேடிப் பார்த்தேன். பச்சை படிந்த உருளைக்கிழங்கு விஷம் என்று போட்டிருந்தது. மிச்சமிருந்த கிழங்குகளைக் குப்பைவாளியில் கொட்டிவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது, உருளைக்கிழங்கு வறுவல் என்றார் அண்ணி. அது பச்சைக் கிழங்கு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் முகம் நினைவுக்கு வந்தது. பயத்தில் வாயே திறக்கவில்லை. மசக்கைதான் என்று டிரிப் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

பெண் பிறந்தாள், ஒரு குறையும் இல்லாமல். ஆனாலும் அவள் குப்புற விழும்வரை, நடக்கும்வரை, பேசும்வரை ஒவ்வொன்றுக்கும் பயந்து செத்தேன். இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் இன்றும் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிடுகிறேன்.

போன வாரம் தாங்க முடியாமல் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரியும். ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுமே குப்பைவாளியில பார்த்தேன். நல்ல கிழங்கா இருந்தா நீ ஏன் தூக்கிப் போடணும்? நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கல்யாணமாகி நான் ஸ்ரீரங்கம் வந்த பிறகு, லீவுக்கு மகளை என்னிடம் விடும்போதெல்லாம் அண்ணி டிபன் கேரியரில் அவளுக்குச் சாப்பாடும் கொடுத்தனுப்புவார். எனக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று நினைப்பவர் என்றே இத்தனை வருடமும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன்.