பூஜைக்கு வைத்த எட்டுப் பென்டிரைவ்கள்

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு முன்னறையில் மகள் டைப்பிங் கடை வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், விண்ணப்பம் எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் அடித்துக் கொடுப்பாள். பக்கத்துக் கிட்டங்கியிலிருந்து பறந்து வரும் சுக்குத் தூசியைத் துடைக்கத்தான் முதலில் அந்த மேசைக்குப் போனேன். பிறகு அவள் வெளியே போகும்போது நானே பிரிண்ட் எடுத்துக் கொடுக்கப் பழகிவிட்டேன்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. எந்தப் படம் எந்த மூலையில், பட்டியலில் எத்தனையாவது வரி என்று கைதான் மனப்பாடம் செய்திருந்தது. வருகிறவர்கள் நான் படித்துத்தான் செய்கிறேன் என்று நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை. மகளுக்கும் இது தெரியாது என்றே எண்ணியிருந்தேன்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்குக் கம்ப்யூட்டரின் மேல் பட்டுத்துணி போர்த்தி, பக்கத்தில் தாம்பாளத்தில் வாடிக்கைக்காரர்களின் பென்டிரைவ்களையும் வைத்தோம். எட்டு இருந்தன. விஜயதசமி காலையில் குழந்தைகள் அரிசியில் எழுதுகிற மாதிரி, அவற்றிலும் முதல் எழுத்து விழட்டும் என்று எனக்குத் தோன்றியது. குழந்தைகளுக்கு முதலில் எழுதிக் காட்டும் ஹரிஸ்ரீயை மகள் ஒரு பக்கமாக அடித்து வைத்திருந்தாள்; அதை ஒவ்வொன்றாகச் செருகி எட்டிலும் ஏற்றினேன். குளித்து, விளக்கேற்றி, பெருமையாகத்தான் செய்தேன்.

எட்டில் ஏதோ ஒன்றில் வைரஸ் இருந்திருக்கிறது. நான் செருகச் செருக அது கம்ப்யூட்டருக்கும் மற்ற ஏழுக்கும் போய்விட்டது.

ஒரு வாரம் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தியின் வேலை விண்ணப்பம் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கும் மாஷ் ஒருவர், பரீட்சைத் தாள் போன வருத்தத்திலும் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“சேச்சி, எல்லாருக்கும் ஒரே பிரசாதம் கொடுத்திட்டீங்களே.”

பள்ளிக் கம்ப்யூட்டரெல்லாம் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறியாயிற்று, இந்த வைரஸ் தீனம் அதைப் பிடிப்பதில்லை என்று அவர்தான் மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். எப்படி இருக்கும் என்று கேட்டேன். திரையே வேறு மாதிரி இருக்கும், படங்களெல்லாம் இடம் மாறியிருக்கும் என்றாள் மகள்.

தமிழ் எழுத்து அதில் வராது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் அதை நம்பி, இரண்டு கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு மாஷின் பள்ளிக்கே போய்ப் பார்த்து வந்தாள். எழுத்து வருகிறது, வரிகளை மட்டும் கொஞ்சம் ஒழுங்கு பண்ண வேண்டும் என்றாள். ஆனாலும் மாற்றவில்லை. “நீ சொல்லும்மா, அப்புறம் பாக்கலாம்” என்று விட்டுவிட்டாள்.

மூன்று நாள் யோசித்தேன். நான் காப்பாற்றியது தமிழை இல்லை, அந்த நாற்காலியை. அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெருவில் என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார்கள். அதை விட மனசில்லை. ஆனால் அந்த விண்ணப்பக்காரப் பெண் வாசலில் நின்ற நிற்பும் கண்ணை விட்டுப் போகவில்லை. அவள் காகிதத்தைக் கெடுத்தது என் கை. என் மரியாதைக்காக இன்னொருத்தியும் அப்படி வந்து நிற்க வேண்டுமா?

நான்காம் நாள் அரிசி களைந்துகொண்டே, மகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

“மாத்திடு. இனிமே நீ இருக்கும்போது மட்டும் கடை திறந்தாப் போதும்.”

அவள் களைந்த அரிசியை என் கையிலிருந்து வாங்கி உலையில் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் தூசி துடைக்கப் போனேன். திரையின் நிறம் மாறியிருந்தது. ஆனால் பிரிண்டர் படம் அதே இடது கீழ் மூலையில் இருந்தது. அதற்கு மேல் மஞ்சள் பை, அதற்கும் மேல் குப்பைத் தொட்டி. எல்லாம் என் கை அறிந்த வரிசை. துணியோடு அப்படியே நின்றேன்.

உள்ளேயிருந்து சாயா கிளாசுடன் வந்த மகள், என்னைத் தாண்டிப் போகிற போக்கில் சொன்னாள்:

“பட்டியல்ல அஞ்சாவது வரி மட்டும் இப்ப மூணாவது வரிம்மா. அதை என்னால மாத்த முடியல. மத்ததெல்லாம் உன் இடத்துலதான் இருக்கு.”

எத்தனை வருஷமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழக்கத்தில் முதலில் ஐந்தாவது வரியைத்தான் அழுத்தினேன்.