நுனி மடங்கிய இறக்கை

கந்தவேல் எந்த வண்டியிலும் நேராகப் போய் ஏறிவிடமாட்டார். முதலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். டவுன் பஸ்ஸோ, கல்யாணத்துக்குப் பேசிய வேனோ, இடதுபக்கம் தொடங்கி, பின்னால் போய், வலதுபக்கமாக வந்து, மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டுத்தான் படியில் காலை வைப்பார். டிரைவர் ஹாரனை அலறவிடுவார், சொந்தக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள், மனிதர் அசையமாட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். அடிபட்டு வரும் வண்டிகளையே பார்த்துப் பார்த்து, உலகத்தில் இடி வாங்காத வண்டியே கிடையாது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

அதிலும் ஒரு மூலை மேல்நோக்கி மடங்கியிருந்தால் தீர்ந்தது. "ரிவர்ஸ்ல போய் இடிச்சிருக்கறான்" என்பார். டிரைவர் குலசாமி மேல் சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டார்.

மனைவி வசந்தாமணி மத்தியானம் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பட்டறையில் நிற்பாள். நிற்கிற வண்டியைப் பற்றி ஏதாவது வாயைத் திறந்தால் போதும், "தகரத்தப் பத்தி உனக்கென்ன புள்ள தெரியும்?" என்று அடக்கிவிடுவார். அவளும் சிரித்துக்கொண்டே போசியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

இவர்களுக்கு ஒரே மகள் சௌந்தர்யா. கட்டிக்கொடுத்தது டெல்லியில். தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர நாள் குறித்து, வளையலெல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். அதற்குள் எட்டாம் மாதத்திலேயே ரத்தக்கொதிப்பு ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மறுநாள் காலையில் ஆபரேஷன் என்று மருமகன் யோகேஷ் போன் பண்ணினான். பக்கத்தில் மகள் அழுவது கேட்டது. "அம்மா வந்துட்டா எனக்குப் பயமில்லப்பா. எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துருங்க."

ரயிலில் போனால் எல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரமுடியும். அதனால் மத்தியானம் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு யோகேஷே டிக்கெட் போட்டுவிட்டான்.

கந்தவேலுக்குக் கவலையெல்லாம் வசந்தாமணியை நினைத்துத்தான். ஏற்காட்டுக்குப் போகும்போது கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி மலைப்பாதை தொடங்கியதுமே முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொள்பவள் அவள். வானத்தில் பறக்க வேண்டுமென்றால்? வழியெல்லாம் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். உண்மையில் அவருக்கே உள்ளுக்குள் உதறல்தான். வாழ்நாளில் முதல்முறையாக, சுற்றிப் பார்க்காமல் ஒரு வண்டியில் ஏறப்போகிறார். விமானத்தைச் சுற்றிவர யார் விடுவார்கள்?

கட்டடத்திலிருந்து விமானத்தின் வாசலுக்கே நீண்ட கூண்டுப் பாதையில் வரிசை ஊர்ந்தது. பைகளைத் தூக்கிக்கொண்டு கந்தவேல் பின்னால் வந்தார். முன்னால் போன வசந்தாமணி, யாரும் எதிர்பார்க்காதபடி, விடுவிடென்று போய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் மூடியையும் படக்கென்று கீழே இழுத்துவிட்டாள்.

"பயமா இருக்குதா புள்ள?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நீங்க பேசாம உக்காருங்க."

கொஞ்ச நேரத்தில் பணிப்பெண் வந்து, கிளம்பும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்று மூடியை மேலே தூக்கிவிட்டுப் போனாள். வசந்தாமணி தோளைத் திருப்பி ஜன்னலை மறைத்துக்கொண்டாள். ஆனாலும் அவள் தலைக்கு மேலே தெரிந்த இடைவெளியில் கந்தவேல் இறக்கையைப் பார்த்துவிட்டார். நீளமாகப் போன இறக்கை, நுனியில் மேல்நோக்கி மடங்கியிருந்தது.

அவருக்குப் பகீரென்றது. எங்கேயோ கொண்டுபோய் இடித்திருக்கிறார்கள்! அதை நிமிர்த்தக்கூட இல்லை. மடங்கிய இடத்துக்கு மட்டும் தனியாக நீலக் கலர் அடித்து மறைத்திருக்கிறார்கள் பாவிகள். அடுத்த பக்கத்து இறக்கையையும் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். எழுந்திருக்கப் பார்த்தார். பெல்ட்டைக் கழற்றக் கூடாது என்று பணிப்பெண் உட்காரவைத்துவிட்டாள்.

அவளிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் விமானத்தை நிறுத்துவார்கள், பொழுது போய்விடும். விஷயம் தெரிந்தால் வசந்தாமணி இறங்கிவிடுவாள். அப்புறம் தலைகீழாக நின்றாலும் ஏறமாட்டாள். அங்கே மகள் தாயில்லாமல் ஆபரேஷனுக்குப் போவாள். இத்தனை பேர் உயிராயிற்றே என்று மனசு அடித்துக்கொண்டது. 'சாமி, நான் பண்றது தப்புன்னா என்னையத் தண்டிச்சுக்கோ, இவிங்கள உட்ரு' என்று வேண்டிக்கொண்டு வாயைப் பூட்டிக்கொண்டார். விமானம் ஓடி எழும்பியபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பெல்ட் விளக்கு அணைந்ததுதான் தாமதம், எழுந்து அடுத்த பக்கத்துக்குப் போய், ஜன்னலோரம் இருந்தவரின் மடிமேல் விழாத குறையாக எட்டிப் பார்த்தார். அந்த இறக்கையின் நுனியும் அச்சு அசலாக அதேபோல மேலே தூக்கியிருந்தது. அதே நீலம்.

"ஏனுங்கண்ணா, என்னத்தப் பாக்கறீங்க?" என்றார் அவர். நாமக்கல் முட்டை வியாபாரி சந்திரசேகர், அடிக்கடி டெல்லி போய்வருபவர். ஊர்ப்பேச்சைக் கேட்டதும் கந்தவேலுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. காதோடு காதாக விஷயத்தைச் சொன்னார்.

சந்திரசேகர் விழுந்து விழுந்து சிரித்தார். "இடிச்சதில்லீங்கண்ணா, செய்யறப்பவே அப்படித்தான். எறக்கைக்கு அடில இருக்கற காத்து, நுனி வழியா மேல சுருட்டிக்கிட்டு ஏறுமாம். அந்தச் சுழல் பிளேனைப் பின்னால இழுக்கும். நுனியத் தூக்கி வெச்சா சுழல் கம்மியாகும், எண்ணெயும் கம்மியாக் குடிக்கும். நூறு லிட்டர் ஆகற எடத்துல மூணு, நாலு லிட்டர் மிச்சம்னு சொல்றாங்க. பாக்கறதுக்கும் ஒரு லட்சணமா இருக்குதில்லீங்களா?"

வைக்கோல் லாரிக்குப் பின்னால் வைக்கோல் சுழன்று பறப்பது கந்தவேலுக்கு நினைவு வந்தது. அந்தக் காற்றைத்தான் இவர்கள் நுனியிலேயே மடக்கியிருக்கிறார்கள். இப்போது பார்த்தால் கிடாக் கொம்புபோல எடுப்பாகத்தான் இருந்தது. மைலேஜும் ஆச்சு, அழகும் ஆச்சு. வானத்திலும் மைலேஜ் கவலைதானா என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தார். வசந்தாமணி இன்னும் ஜன்னலை மறைத்தபடிதான் இருந்தாள்.

"புள்ள, அந்த எறக்கை நுனியப் பாரேன். பயப்படாத. இடிச்சதில்லியாம், எண்ணெய் மிச்சமாகறதுக்காவ மடக்கி வெச்சிருக்கறாங்க. அந்தப் பக்கமும் இப்படித்தான் இருக்குது."

அவள் வெடுக்கென்று திரும்பினாள். "நெசமாவா? நல்லாப் பாத்தீங்களா?"

"ஏன், நீயும் அதப் பாத்தியா?"

"உள்ள வாரப்பவே பாத்துட்டனுங்க, அந்தக் கூண்டு ஜன்னல்ல. நீங்க பாத்தா எறங்கிருவீங்கன்னுதான் ஓடியாந்து இங்க உக்காந்துக்கிட்டேன்."

"அப்ப... இடிச்சதுன்னு நெனச்சுக்கிட்டேவா உக்காந்திருந்த?"

"இத்தன வருசமா சோத்துப் போசியோட பட்டறைல நிக்கறேன். இடிச்ச மூல எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். உடனே அவள் குரல் உடைந்தது. "என்னமோ ஆவட்டும், புள்ளகிட்டப் போயிச் சேந்தாப் போதும்னு இருந்தனுங்க."

கந்தவேலும் அதையே நினைத்துத்தான் வாயைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவள் பக்கமாகச் சாய்ந்து, "கொஞ்சம் நகந்து உக்காரு புள்ள, நானும் பாக்கறேன்" என்றார்.