சில்வர் பெயிண்டும் என் படிப்பும்

சில உலோகங்கள் உருகுவதற்கு முன்பே ஆவியாகத் தொடங்கிவிடும். வெற்றிடத்தில் சூடேற்றினால் கற்பூரம் போல, வைத்த துண்டு நாளாக ஆக இளைத்துக்கொண்டே போகும். அதன் மேல் மெல்லிய பூச்சைப் படியவைத்து அந்த இழப்பைத் தாமதப்படுத்துவதுதான் பெங்களூர் ஆய்வகத்தில் என் வேலை. எங்கள் ஊர் போடியில் இதைச் சொன்னால், "அப்ப பெயிண்டு அடிக்கிற சோலியா?" என்பார்கள். சிரித்துக்கொண்டே கேட்பவர்களிடம் எத்தனை தடவைதான் விளக்குவது?

அண்ணன் மகள் ஒருத்திக்குத்தான் அது புரிந்தது. "பூச்சுல கீறல் விழுந்தா என்ன ஆகும் அத்தை?" என்று கேட்டாள். சரியான கேள்வி. பிளஸ் டூ முடித்திருந்தாள். மதுரைக்குப் போய் இயற்பியல் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அண்ணன்தான் பிடிகொடுக்கவில்லை. அவளுக்காகப் பேசத்தான் அந்த முறை ஊருக்குப் போனேன்.

"மொத ஏலக்காய் போடிச் சந்தைக்குப் போய்ச் சேரட்டும், பாப்போம்" என்றார் அண்ணன். உடனே பேச்சைத் தோட்டத்துக்குத் திருப்பினார். போடிமெட்டுக்குக் கீழே எங்கள் ஏலக்காய்த் தோட்டம். காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புச் சூட்டைக் கொண்டுபோகும் தகரக் குழாய்கள் துருப்பிடித்துக்கொண்டிருந்தன.

"நீதான் தகரம் தேயாம பூச்சு போடுறவளாச்சே. நம்ம கொழாய்க்கு ஒண்ணு சொல்லு."

"அது வேற, இது வேறண்ணே. இது துரு. கண்டதையும் பூசிறாதீங்க, சூட்டுல வாசம் கெளம்பி காயில ஏறிரும். கொழாய மாத்திருங்க."

பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா காதிலும் எல்லாம் விழுந்தது.

நான் பெங்களூர் திரும்பியதும் அண்ணன் சில்வர் பெயிண்ட் வாங்கி எல்லாக் குழாய்க்கும் அடித்திருக்கிறார். மறுநாள் வளர்பிறை முகூர்த்தம். பருவத்தின் முதல் அடுப்பை நல்ல நாளில்தான் மூட்டுவார்கள்; பெயிண்ட் காயவில்லை என்று முகூர்த்தம் காத்திருக்குமா? சூடம் காட்டி மூட்டிவிட்டார்கள். போடியில் வியாபாரி ஒரு காயைப் பிளந்து மோந்துவிட்டு மூட்டைகளை ஓரமாக நகர்த்தச் சொன்னார்.

"என்னண்ணே, காயில பெயிண்டு வாசம் அடிக்குது?"

"எந்தங்கச்சி சொன்ன பூச்சுப்பா. பெரிய படிப்பு படிச்சவ."

அந்தப் பேச்சு பக்கத்து ஊர் சிலமலை வரைக்கும் பரவிவிட்டது. கேள்விப்பட்டதும் லீவு போட்டு வந்தேன். சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்குச் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. அங்கேயே வைத்துக் கேட்டேன்.

"வேணாம்னுதானேண்ணே சொன்னேன்? அம்மா, நீ பக்கத்துலதானே இருந்தே. சொல்லு."

அம்மா அண்ணன் முகத்தைப் பார்த்தாள். "என்னமோ பூச்சப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தீக. நீ பூசச் சொன்னாப்புலதான் இருந்துச்சு."

மகன் மானத்தைக் காப்பாற்ற மகளைப் பொய்க்காரியாக்கிவிட்டாள். அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. தணிய வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "இந்த வீட்டுல ஒருத்தி படிச்சுக் கிழிச்சது போதும். எம்மக எங்கயும் போக வேணாம்."

என்னைப் பஸ் ஏற்றிவிட அண்ணன் மகள் மட்டும் வந்தாள். அழுவாள், அப்பாவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். என் பையை ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தாள். பஸ் நகரப்போகும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அத்தை, நெசமாவே நீங்க சொல்லலையா?"