குளியலறைத் தேரை

காலை ஒன்பதரைக்குப் போன் வந்தபோது மீனா தோசைக்கல்லிலிருந்து முதல் தோசையை எடுத்துக்கொண்டிருந்தாள். வெற்றிலைக் கட்டுகளோடு மதுரை மார்க்கெட்டுக்குப் பைக்கில் போன அவள் புருஷன் அழகுபாண்டி, சமயநல்லூர் தாண்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டானாம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அடுப்பை அணைத்தாள். அணைத்தோமா என்று மறுபடி போய்ப் பார்த்தாள். அதன்பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் எவரையும் போலத்தான் அவனும். வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் ஊரையே திட்டுவான். ஒன்றில்தான் வேறு. மருந்தடிக்கும் நாளில் இலைக்கடியில் ஒட்டிக்கிடக்கும் மரத்தேரைகளைப் பொறுக்கி, வாழைத்தோப்பில் விட்டுவிட்டு வந்துதான் பம்பைத் தூக்குவான். தேரைக்கு மாமன் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். உட்கார்ந்தால் சருகு மாதிரி இருக்கும், தாவினால் தொடைக்குள்ளிருந்து மஞ்சள் பளிச்சிடும், பாம்பே ஒரு நொடி மிரளும் என்பான். ஏதோ தானே சாயம் பூசிவிட்டது போலப் பெருமை. தொட்ட கையோடு கண்ணைக் கசக்காதே, அதன் பசை எரிக்கும் என்றும் சொல்வான்.

பிரசவத்துக்கு அவன் தங்கை திவ்யா வந்த பிறகு, குளியலறையில் குடியிருந்த தேரை வீட்டுச் சண்டையானது. அவளுக்கு ஏற்கெனவே ஒரு கரு தங்கவில்லை. மாசமாக இருப்பவள் மேல் தேரை விழுந்தால் பிள்ளை தேறாது என்று ஊரே நம்பியது. அடிக்க வேண்டாம், ஜன்னலுக்கு வலை அடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தான். இறந்த அன்று காலைதான் மூன்று பக்கம் ஆணி அடித்தான்.

"இருட்டுனா அதுவே வெளிய போயிரும். வந்து மிச்சத்த அடிக்கிறேன்" என்று பைக்கை எடுத்தான்.

மறுநாள் உடலை எடுத்ததும் பெண்கள் குளிக்கப் போனார்கள். மீனா இன்னும் அழவில்லை. வாசலில் அதுதான் பேச்சு. குளியலறைக்குள் போன அவனுடைய சித்தி அன்னக்கொடி, தேரை மேல் போடக் கல்லுப்பு கொண்டுவரச் சொன்னாள். மீனா ஓடினாள்.

"உப்பப் போடாதீங்கத்தே."

"புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல இம்புட்டுப் பெரிய தேரைய வச்சு என்னடி செய்யப்போற?"

"அடிக்க வேணாம்னு அவரு சொல்லியிருக்காரு."

சொல்லி முடிப்பதற்குள் உப்பு பறந்தது. தேரை தாவியது. மஞ்சள் தெறித்ததில் அன்னக்கொடி வாளியோடு சாய்ந்தாள். சுவரில் ஒட்டியதை மீனா இரு கையாலும் பொத்திக்கொண்டு, கொடிக்கால் வழியே வாழைத்தோப்புக்கு நடந்தாள். விட்டுவிட்டுத் திரும்புகையில் வியர்வையைத் துடைத்தாள். கண் தீயாக எரிந்தது. தாரை தாரையாக நீர்.

"அழுதுட்டா, இனி பயமில்ல" என்றாள் அன்னக்கொடி.

எரிச்சல் அடங்கியும் நீர் நிற்கவில்லை.

திவ்யா இப்போது பக்கத்து வீட்டில் குளிக்கிறாள். சுத்தியலும் ஆணிகளும் அவன் வைத்த ஜன்னல் விளிம்பிலேயே இருக்கின்றன. வலையின் நான்காவது பக்கம் இன்னும் அடிக்கப்படவில்லை.